காலி வண்டியின் கனம்

நடுவர் அவர்களே! இருபுறமும் வீற்றிருக்கின்ற நாவலர் பெருமக்களே! செட்டிகுளத்துத் தாய்மார்களே, பெரியோர்களே! பந்தலிலே இடம் போதாமல் வெங்காய மூட்டை மேலே ஏறி உட்கார்ந்திருக்கிற தம்பிமார்களே! (சிரிப்பு) வீட்டிலே சோற்றுத் தட்டும் கையுமாகத் தொலைக்காட்சிப் பெட்டி முன்னாலே அமர்ந்திருக்கிற அன்பர்களே! 

தலைப்பு உங்களுக்குத் தெரியும். போக்குவரத்துக்குப் பெரிதும் துணைநிற்பது இரும்பின் உறுதியா, இலேசான உலோகமா? எனக்கு வாய்த்தது இலேசான உலோகம். "தமிழ் வாத்தியாரம்மாவுக்கு உலோகத்திலே தோடும் வளையலும் தவிர வேறென்ன தெரியும்?" என்று எதிரணித் தம்பி கேட்டார். தம்பி, உங்க வீட்டிலே பாத்திரம் யார் தேய்க்கிறது? (சிரிப்பு) இரும்புச் சட்டியையும் அலுமினியக் குண்டானையும் எவர்சில்வர் தூக்கையும் முப்பது வருஷமாத் தூக்கிப் பார்த்த கைக்குத் தெரியாத எடைக் கணக்கா?

எதிரணித் தலைவர் அண்ணன் எழுந்ததும் எழாததுமாக என்ன சொன்னார்? "2025 ஜனவரியிலே தமிழக அரசே ஆய்வு அறிக்கை வெளியிட்டுவிட்டது. சிவகளையிலே கிடைத்த இரும்பு 5300 ஆண்டு பழமை. இரும்பைக் கண்டவன் தமிழன். இவங்க அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாங்க" என்றார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். பாட்டன் பெருமைக்கு எதிரணி என்ன, சொந்த அணி என்ன?

ஆனா அண்ணே, இரும்பைக் கண்ட அதே தமிழன் மாட்டு வண்டியும் செய்தானே, அதை முழுக்க இரும்பிலேயா செய்தான்? குடம் மரம். ஆரக்கால் மரம். வட்டை மரம். நுகத்தடி மரம். மேலே கூண்டு மூங்கிலும் பாயும். இரும்பு எங்கே இருந்தது? சக்கரத்தைச் சுற்றிப் பட்டா, நடுவிலே அச்சு, அச்சு முனையிலே கடையாணி. அவ்வளவுதான்! தேய்கிற இடத்திலே இரும்பு. தாங்குகிற இடத்திலே வைரம் பாய்ந்த மரம். மறைக்கிற இடத்திலே பாய். எந்த இடத்துக்கு எது வேணுமோ அதை மட்டும், வேண்டிய அளவு மட்டும். இன்றைக்கு ஜெர்மனியிலேயும் ஜப்பானிலேயும் கார் செய்கிறவர்கள் ஒரே உடம்பிலே நாலு வகை உலோகத்தைக் கலந்து கட்டுகிறார்கள். மோதல் வாங்குகிற தூணுக்கு வலுவான எஃகு, கதவுக்கும் மூடிக்கும் அலுமினியம், ஸ்டியரிங் சக்கரத்தின் எலும்புக்கு மக்னீசியம். நம்ம ஊர் ஆசாரி கூலிக்கு நெல் வாங்கிக்கொண்டு செய்த வேலைதான் இது. (கைதட்டல்)

ஆசாரி ஏன் அப்படிச் செய்தார்? இரும்பு கிடைக்காமலா? இல்லீங்க. முன்னாலே ரெண்டு மாடு நிக்குது. வண்டி கனத்தா மாட்டுக் கழுத்திலே காய்ப்பு வரும், அப்புறம் புண் வரும், ஈ மொய்க்கும். வீட்டுப் பெண்கள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவுவார்கள். வண்டியின் எடையை அந்தக் காலத்திலே கண்ணாலே பார்க்க முடிஞ்சுது. இன்றைக்கு டீசல் என்ஜினுக்குக் கழுத்து இல்லை. அதனாலே புண் தெரியலை. பில்லிலே ஒளிஞ்சிருக்கு, புகையிலே ஒளிஞ்சிருக்கு.

வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் ஒரு மயிலிறகு வண்டியைக் காட்டுகிறார் அல்லவா? மயிலிறகைவிட இலேசான சரக்கு ஏது? அதையும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார். உரை எழுதினவங்க எல்லாரும் அந்த இறகைப் பார்த்தாங்க. நான் இன்றைக்கு அந்த வண்டியைப் பார்க்கிறேன். அச்சு தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள்ளே வண்டிக்கு எவ்வளவு போகிறது, சரக்குக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? என் கட்சி முழுக்க இந்தக் கேள்விக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது.

இந்த மேடைக்கு வலதுபுறம் திரும்பினால் மலை தெரிகிறது. மேலே தண்டாயுதபாணி. மற்ற ஊர்களிலே தண்டமும் வேலும் தாங்கி நிற்பவன், செட்டிகுளத்திலே கையிலே கரும்போடு நிற்கிறான். இரும்பு வேலைக் கீழே வைத்துவிட்டுக் கரும்பை எடுத்துக்கொண்டானே, நடுவர் அவர்களே, முருகனே எங்க அணி! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

சரி, விளையாட்டு போதும். லாரிக்கு வருகிறேன்.

பத்துச் சக்கர லாரி. மூன்று அச்சு. இந்த வண்டி சரக்கோடு சேர்த்து 25 டன்னுக்கு மேலே போகக்கூடாது என்பது பழைய சட்டம். 2018 ஜூலையிலே மத்திய அரசு அதை 28.5 டன் ஆக்கியது. நல்லது. ஆனா இது மொத்த எடை! வண்டியும் சேர்த்து! காலி வண்டியே ஒன்பது டன் வாக்கிலே இருந்தா மிச்சம்தான் சரக்கு. இப்போ அந்த லாரியின் பாடி, சக்கரத்தின் ரிம்மு, டீசல் டாங்கி, பின்பக்கத் தட்டி இதையெல்லாம் இலேசான உலோகத்திலே செய்து ஒரு டன் குறைத்தோம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் என்றால் ஐம்பது கிலோ மூட்டை இருபது. அதே சட்டம், அதே ரோடு, அதே டிரைவர், ஏறக்குறைய அதே டீசல். ஒவ்வொரு நடைக்கும் இருபது மூட்டைச் சின்ன வெங்காயம் கூடுதல். வருஷத்துக்கு இருநூறு நடை அடித்தால் நாலாயிரம் மூட்டை!

சின்ன வெங்காயம் என்றால் பெரம்பலூர் மாவட்டம், அதிலும் இந்தச் செட்டிகுளத்துப் பக்கம். வெங்காயத்துக்கு விலை ஏறும், இறங்கும். விலை கேட்டுப் பட்டறையிலே போட்டு வைத்துக் காத்திருக்கிற கஷ்டம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனா வெங்காயம் கிலோ பத்து ரூபாய்க்கு இறங்கினாலும் லாரி வாடகை இறங்குதா? இறங்காது. ஏன்னா அந்த வாடகையிலே ஒரு பங்கு உங்க வெங்காயத்துக்கு இல்லை, அந்த லாரியின் சொந்த இரும்பைத் திருச்சி வரைக்கும் சுமந்து போவதற்கு, திரும்பச் சுமந்து வருவதற்கு! வெறும் வண்டியாத் திரும்பி வரும்போதும் அந்த இரும்புக்கு நாமதான் டிக்கெட் எடுக்கிறோம். (சிரிப்பு)

பக்கத்திலே அரியலூர். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அதிகப் பாரம் ஏற்றினால் ரோடு போய்விடும் என்கிறோமே, அது எப்படிப் போகிறது தெரியுமா? 1950-களின் கடைசியிலே அமெரிக்காவிலே, இலினாய் மாநிலத்திலே, இதற்கென்றே சாலை போட்டு லாரிகளை மாதக்கணக்கிலே ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மேலே பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் இரண்டு மடங்கு இல்லை. ஏறத்தாழப் பதினாறு மடங்கு! ஏன் அதிகம் ஏற்றுகிறார்கள்? டிரைவருக்கு ஆசையா? வாடகை கட்டுபடியாகலை. வண்டி கனமா இருக்கிற வரைக்கும் சட்டப்படி ஏற்றினா நஷ்டம். சட்டத்தை மீறினா ஆபத்து. இந்த ரெண்டுக்கும் நடுவிலே மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறானே, அவனுக்கும் வீட்டிலே பிள்ளை குட்டி இருக்கு.

இப்போ எதிரணித் தம்பியின் பெரிய கேள்வி. "இலேசான வண்டி நசுங்கிப் போகுமே அம்மா, உயிருக்கு யார் பொறுப்பு?"

இந்த மண்ணிலே நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிக்க முடியாது. 1956 நவம்பர் 23. அரியலூருக்குப் பக்கத்திலே மருதையாற்று வெள்ளத்திலே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த விபத்துக்குக் காரணம் வெள்ளம். பெட்டியை நான் குறை சொல்லவில்லை. பயணம் என்றால் உயிர் என்பது இந்த மாவட்டத்துக்காரங்களுக்குப் பாடம் நடத்த வேண்டிய விஷயம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

தம்பி, ரயில் பெட்டியையே எடுத்துக்குவோம். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி பெரம்பூரிலே பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். அங்கே செய்த நீலப் பெட்டியிலே, சிவப்புப் பெட்டியிலே நாம எல்லாரும் போயிருக்கோம். நல்ல பெட்டி. அறுபது வருஷம் நாட்டையே சுமந்த பெட்டி. ஆனா அந்த இரும்பு துருப்பிடிக்கும். கழிவறைப் பக்கம் தண்ணி தேங்கித் தேங்கித் தகடு அரித்துப் போகும். துரு தின்றது போக மிச்சம் நிற்கணுமே என்று முதல்லேயே கனமாப் போட வேண்டியிருந்தது. 2000-த்திலே ஜெர்மனியின் லிங்கே ஹோஃப்மன் புஷ் கம்பெனியின் பெட்டி வந்தது. அது என்ன உலோகம்? நம்ம வீட்டு எவர்சில்வர்! துருப்பிடிக்காத எஃகு! துருவுக்கென்று தனியா கனம் வைக்க வேண்டாம். பழைய பெட்டியைவிட இரண்டு மீட்டருக்கு மேலே நீளம். மீட்டர் கணக்கிலே பார்த்தா எடை சுமார் பத்து சதவீதம் குறைவு. இப்போ கேளுங்க: விபத்து நடந்தால் எது பத்திரம்? பழைய பெட்டிகள் ஒன்றின் மேலே ஒன்று ஏறும். புதுப் பெட்டியின் இணைப்பு அப்படி ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். இலேசாகவும் ஆச்சு, பத்திரமாகவும் ஆச்சு! பெரம்பூர்த் தொழிற்சாலை 2018 ஜனவரியோடு பழைய வகைப் பெட்டி செய்வதையே நிறுத்திவிட்டது. அதே வருஷம் அதே தொழிற்சாலையிலே உருவான ரயில்தான் வந்தே பாரத். 2019 பிப்ரவரி 15-இல் டெல்லியிலிருந்து வாரணாசிக்கு ஓடத் தொடங்கியது. அதுவும் எவர்சில்வர்தான். (கைதட்டல்)

"அம்மா, எவர்சில்வரும் இரும்புக் குடும்பம்தானே, அது எங்க அணி" என்று தலைவர் அண்ணன் சீட்டு எழுதி அனுப்புகிறார். (சிரிப்பு) அண்ணே, குடும்பம் உங்களோடதுதான். பிள்ளை எங்க பக்கம் வந்துட்டுது! இரும்பே இளைச்சுப் போச்சு. இன்றைய காருக்குள்ளே இருக்கிற எஃகுத் தூணை எப்படிச் செய்கிறார்கள்? தகட்டை 900 டிகிரிக்குப் பழுக்கக் காய்ச்சி, அச்சுக்குள்ளே அழுத்தி, அழுத்தின கையோடு குளிரவைக்கிறார்கள். நம்ம கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணியிலே தோய்ப்பாரே, சர்ர்ரென்று சத்தம் வருமே, அதேதான். அப்படித் தோய்த்த தகடு பழைய தகட்டைவிடப் பல மடங்கு வலு. அதனாலே மெல்லிசாப் போட்டால் போதும்.

நசுங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காரின் முன்பக்கம் நசுங்கத்தான் வேண்டும்! அது நசுங்கினால்தான் மோதலின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும்; நசுங்காமல் விறைத்து நின்றால் அந்த வேகம் நேரா உள்ளே இருக்கிற உங்க நெஞ்சுக்கு வரும். முன்பக்கம் மடங்கணும், ஆள் உட்காருகிற கூடு மடங்கக்கூடாது. இரண்டையும் தெரிந்து செய்வதுதான் பொறியியல். தடிமனாப் போடுவது பொறியியல் இல்லை.

ஜப்பானைப் பாருங்க. 1964-இல் அவர்களின் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியபோது எஃகுப் பெட்டி. ஓர் அச்சின் மேலே 16 டன். 1992-இல் வந்த வண்டியிலே பெட்டி அலுமினியம். ஓர் அச்சின் மேலே சுமார் 11 டன். வேகம் குறைந்ததா? கூடியது. நம்ம நாட்டிலே 2022 அக்டோபர் 16-ஆம் தேதி புவனேசுவரத்திலே அலுமினியத்தாலான சரக்கு ரயில் ஒன்றைக் கொடியசைத்து அனுப்பினார்கள். 61 பெட்டி. அதே அளவு இரும்பு ரயிலைவிட 180 டன் எடை குறைவு! அந்த 180 டன் இனிமேல் நிலக்கரியா, சரக்கா ஏறும். புனே நகர மெட்ரோவுக்கும் இந்தியாவிலேயே செய்த அலுமினியப் பெட்டி ஓடுது.

எதிரணியிலே இரண்டாவதா பேசின பேராசிரியர் தம்பி மட்டும் உண்மையிலேயே கனமான வாதம் வைத்தார். அதை நான் மறைக்கப் போவதில்லை. அலுமினியம் கரண்ட்டைத் தின்னும் என்றார். ஆமாம். தின்னும்.

இந்த உலோகத்துக்கும் நம்ம சென்னைக்கும் பழைய உறவு உண்டு. 1898-இல் சென்னைக் கலைப் பள்ளியிலே ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர் அலுமினியப் பாத்திரம் அடிக்கத் தொடங்கினார். இந்தியாவிலே அலுமினியத் தொழிலின் பிள்ளையார் சுழி அதுதான். அப்போது தகடு வெளிநாட்டிலிருந்து வந்தது. 1965-இலிருந்து மேட்டூரிலேயே உலோகம் எடுத்தார்கள். ஏற்காட்டு மலையிலும், இந்தப் பச்சைமலைக்கு அப்பாலே இருக்கிற கொல்லிமலையிலும் பாக்சைட் மண் வெட்டினார்கள். நாலு டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினா. அதிலிருந்து ஒரு டன் அலுமினியம். அந்த அலுமினாவை ஆயிரம் டிகிரிக்குக் கொஞ்சம் கீழே உருகிய உப்பிலே கரைத்து மின்சாரம் பாய்ச்சணும். ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 14 யூனிட் கரண்ட்! ஒரு சின்னக் குடும்பத்துக்கு மூணு நாலு நாள் கரண்ட் அது. 2008-இல் மேட்டூர் உருக்காலை நின்றுபோனது. மலையிலே வெட்டின இடம் நிற்காமல் இருக்கிறது. இவ்வளவையும் நானே சொல்கிறேன். நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுத்து, அந்தக் கரண்ட்டிலே அலுமினியம் எடுத்து, அதிலே வண்டி செய்துவிட்டு "பசுமை, பசுமை" என்று விளம்பரம் போட்டால் அதை நான் நம்பமாட்டேன்.

அப்போ எப்படி இந்தப் பக்கம் நிற்கிறே என்று கேட்பீங்க. ஒரு மனுஷனை நம்பி நிற்கிறேன்.

சின்ன வயசிலே தெருவிலே ஒரு குரல் கேட்கும், ஞாபகம் இருக்கா? "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்...!" (கைதட்டல்) ஓட்டை அலுமினியச் சட்டியைக் கொடுத்துட்டு ஒரு கை பேரீச்சம்பழம் வாங்கித் தின்னோமே, அந்தச் சட்டி எங்கே போச்சு? உருகிப் போச்சு. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். மண்ணிலிருந்து எடுக்க நூறு ரூபாய் கரண்ட் என்றால், பழைய சட்டியை உருக்கி எடுக்க ஐந்து ரூபாய் போதும். நூற்றுக்கு ஐந்து! எத்தனை தடவை உருக்கினாலும் அலுமினியம் அலுமினியம்தான். உங்க மோட்டார் சைக்கிள் என்ஜினின் மேல்கூட்டிலே யார் வீட்டுக் குண்டானோ இருக்கலாம். மாமியார் கொடுத்த சட்டியிலே மருமகன் ஊர் சுற்றுகிறார்! (பலத்த சிரிப்பு)

ஆனா இதிலே ஒரு சூட்சுமம் இருக்கு. காயலான் கடையிலே எல்லாத்தையும் ஒரே குவியலாக் கொட்டினா வினை. ஜன்னல் சட்டம் ஒரு வகை அலுமினியம், சட்டி ஒரு வகை, என்ஜின் கூடு சிலிக்கான் கலந்த இன்னொரு வகை. நடுவிலே நாலு இரும்புத் திருகாணி. எல்லாம் சேர்ந்து உருகினா இரும்பு உள்ளே புகுந்து ஊசி ஊசியா நிற்கும். அந்த அலுமினியம் வளையாது, உடையும். பொன்னியையும் புழுங்கலையும் பச்சரிசியையும் ஒரே உலையிலே போட்டுட்டு அப்புறம் பிரிக்க முடியுமா? கலந்த உலோகம் என்ஜின் கூடு வார்க்க ஆகும்; பேருந்தின் பக்கத் தகடு ஆகாது. பிரிக்கிற வேலை உலைக்கு முன்னாலே நடக்கணும். காந்தத்தை வைத்து இரும்பை இழுத்து, கையாலே தட்டிப் பார்த்து, கனத்தைப் பார்த்து, கலரைப் பார்த்து இது இன்னது என்று பிரிக்கிறாங்களே காயலான் கடைப் பெண்கள், கறுத்துப்போன கையோட, கையுறை கூட இல்லாம, அவங்க கையிலேதான் இருக்கு இந்தச் சுத்தமான போக்குவரத்து எல்லாம். 2025 ஏப்ரல் 1 முதல், ஓடி முடிந்த வண்டியை முறையாகப் பிரித்து மீட்கும் பொறுப்பு அதைத் தயாரித்த கம்பெனிக்கும் உண்டு என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. நல்ல விதி. அந்தப் பொறுப்பிலே அந்தப் பெண்ணின் கூலியும் கையுறையும் சேரணும் என்று இந்த மேடையிலே கேட்டு வைக்கிறேன். (கைதட்டல்)

"அலுமினியம் உடைந்தால் எங்க ஊரு வெல்டிங் பட்டறையிலே ஒட்ட முடியாதே?" இதுவும் எதிரணி கேட்டது. சரிதான், இரும்பை ஒட்டுகிற மாதிரி ஒட்ட முடியாது. ஆர்கான் வாயு வேணும், பழகின கை வேணும். ஆனா 1991-இல் இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பக்கத்திலே ஒரு புது வழி கண்டார்கள். உருக்காமலே ஒட்டுவது! சுழல்கிற ஒரு கம்பியை இரண்டு தகடும் சேருகிற கோட்டிலே அழுத்தி ஓட்டுகிறார்கள். உராய்ந்து சூடாகி, உலோகம் பிசைந்த மாவு மாதிரி இளகி, கலந்து, அப்படியே இறுகுது. தயிர் கடைகிற மத்து தெரியுமில்லே? அந்த மத்தையே தகட்டுக்கு மேலே ஓட்டினால் எப்படி? புகை இல்லை, கண் கூசுகிற வெளிச்சம் இல்லை, ஒட்டுகம்பி செலவு இல்லை. இங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை. சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே உலோக இணைப்புக்கென்றே ஓர் ஆய்வு மையம் வைத்து இந்த முறையிலே பல வருஷமா ஆராய்ச்சி செய்கிறார்கள். திருச்சி பெல்லிலே பற்றவைப்பு ஆராய்ச்சிக்கென்றே நிலையம் இருக்கு. கரூரிலே பஸ் பாடி கட்டுகிற பட்டறை, நாமக்கல்லிலே லாரி பாடி கட்டுகிற பட்டறை, இவையெல்லாம் மூன்று மணி நேரத் தூரத்துக்குள்ளே. ஆராய்ச்சி மையத்துக்கும் அந்தப் பட்டறைக்கும் நடுவிலே ஒரு பாதை போட்டால் போதும். அந்தப் பாதைதான் இன்னும் சரியா விழலை. என் வருத்தம் அது.

இன்னொன்று. எந்த வண்டியை இளைக்க வைக்கிறோம் என்பது முக்கியம். ஒன்றரை டன் காரிலே ஒரே ஒருத்தர் உட்கார்ந்து கால் லிட்டர் பால் வாங்கப் போகிறார். (சிரிப்பு) அந்தக் காரிலே நூறு கிலோ குறைத்துவிட்டு, "இடம் இருக்கே" என்று அதிலே கூரைக் கண்ணாடியும் பெரிய திரையும் மாட்டினால் அது இளைப்பு இல்லை. பட்டினி கிடந்து விருந்து சாப்பிடுகிற கதை. தினம் விடிஞ்சதிலிருந்து அடையிற வரைக்கும் ஓடுகிற பேருந்து, லாரி, ரயில், இதிலே குறைக்கிற ஒவ்வொரு கிலோவும்தான் தன்னைச் செய்யச் செலவான கரண்ட்டைத் திருப்பிக் கொடுக்கும். கார்களிலே எடை பத்து சதவீதம் குறைந்தால் எரிபொருள் ஆறிலிருந்து எட்டு சதவீதம் மிச்சம் என்பது பொறியாளர்கள் கணக்கு. நின்று நின்று கிளம்புகிற டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்க. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தக் கனத்தை மறுபடி மறுபடி தள்ளணும். 2025 ஜூனிலிருந்து சென்னையிலே மின்சார மாநகரப் பேருந்து ஓடுது. அதிலே பேட்டரியே பெரும் பாரம். பேட்டரியின் கனத்துக்கு ஈடாக உடம்பிலே குறைக்கலேன்னா, கரண்ட்டைச் சுமக்கவே கரண்ட்டைச் செலவு பண்ணுவோம்.

நடுவர் அவர்கள் மணியைத் தொட்டுட்டாங்க. (மணி ஓசை) அடிச்சே விட்டாங்க! சேலத்து வெள்ளைக்கல் மலையிலே இருக்கிற மக்னீசியத்தைப் பற்றிப் பேச வந்தேன். அலுமினியத்தைவிட மூன்றிலே ஒரு பங்கு இலேசு அது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்திலே அந்த உலோகத்தை எடுக்கச் செய்த முயற்சியைச் சொல்ல வந்தேன். எங்க அணித் தம்பி அடுத்து எழுவார், அவருக்கு விட்டுவிடுகிறேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன்னாலே ஒரே ஒரு வேலை. பந்தலுக்கு வெளியே வெங்காயம் ஏற்ற ஒரு லாரி நிற்குது. அதன் பக்கவாட்டிலே காலி எடை இவ்வளவு, சரக்கோடு எடை இவ்வளவு என்று பெயிண்டிலே எழுதியிருக்கும். அந்த இரண்டு எண்ணையும் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்து தீர்ப்பு சொல்லுங்க. (நீண்ட கைதட்டல்)